தோளில் மயிற்பீலி, காதில் புதுத் துளை: ஆறும்வரை செய்ய வேண்டியதும் தொடாமல் விட வேண்டியதும்

நம் மொரீஷியஸின் கத்ர் போர்னிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் ஒரே நாளில் தோளில் மயிற்பீலி ஒன்றைப் பச்சை குத்திக்கொண்டு, காதின் மேல்விளிம்பிலும் ஒரு துளை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாள். பாட்டி மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து வைத்திருக்கிறார். அப்பா டெட்டால் பாட்டிலை எடுத்து வருகிறார். குத்திய கடையில் கொடுத்த துண்டுத்தாளோ இரண்டும் வேண்டாம் என்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக் கடற்கரைக்குப் போவதாகத் திட்டம். அடுத்த மாதம் தைப்பூசம். மகன் அலகு குத்திக் காவடி எடுக்கிறான், மகள் பால்குடம் எடுப்பேன் என்கிறாள். "யார் சொல்வதைக் கேட்பது அக்கா? எத்தனை நாள் இப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும்?"

துண்டுத்தாள் சொல்வதைக் கேளுங்கள். தோளுக்குச் சோப்பும் தண்ணீரும், காதுக்கு மருந்துக்கடை உப்புநீர், இரண்டுக்கும் மேலாகக் கையை வைக்காமல் இருக்கும் பொறுமை. சுருக்கமான பதில் அவ்வளவுதான். தோளின் மேற்பரப்பு மூட இரண்டு மூன்று வாரம் ஆகும். காதுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை. ஒரே நாளில் போட்டவை என்பதால் இரண்டும் ஒரே நாளில் ஆறிவிடும் என்று உங்கள் மகள் எண்ணிக்கொண்டிருந்தால், அந்த எண்ணத்தை முதலில் கலைத்துவிடுங்கள்.

புண் கட்டும் பிரிவில் நெடுங்காலம் செவிலியாக இருந்தவள் நான். என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்களில் பெரும்பாலானோர் புண்ணைக் கவனிக்காமல் விட்டவர்கள் அல்லர். நாளைக்கு ஆறு முறை கழுவி, மூன்று களிம்பு மாற்றி, யாரோ சொன்னார்கள் என்று நான்காவதையும் பூசிக்கொண்டு வந்தவர்கள். அக்கறை குறைந்து கெட்ட புண்ணைவிட அக்கறை மிகுந்து கெட்ட புண்ணைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் தோளைப் பார்ப்போம். பச்சை குத்தும் ஊசி தோலுக்குள் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்குகிறது. மேல்தோலைத் தாண்டி அடித்தோலில் மை விழுந்தால்தான் அது தங்கும். மேல்தோல் ஓயாமல் உதிர்ந்து புதுப்பித்துக்கொண்டே இருப்பது. அங்கே விழுந்த மை நிற்காது. ஆகவே உங்கள் மகளின் தோளில் இப்போது இருப்பது ஒரு படமும் ஆயிரக்கணக்கான சிறு துளைகள் கொண்ட ஒரு சிராய்ப்பும். படத்தை மறந்துவிட்டுச் சிராய்ப்பைக் கவனியுங்கள். படம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

அது எப்படித் தன்னைப் பார்த்துக்கொள்கிறது என்பதும் சுவையான செய்திதான். உடலுக்கு மை ஒரு அந்நியப் பொருள். அதை விழுங்கிச் செரிக்க மேக்ரோஃபேஜ் என்னும் வெள்ளையணுக்கள் ஓடி வருகின்றன. விழுங்குகின்றன, ஆனால் செரிக்க முடிவதில்லை. வயிற்றில் மையோடு அங்கேயே தங்கிவிடுகின்றன. 2018இல் பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளில் காட்டியது இதற்கு அடுத்த கட்டம். அந்த அணு சாகும்போது வெளியே விழும் மையைப் பக்கத்தில் வரும் புதிய அணு மீண்டும் விழுங்கிக்கொள்கிறது. அணுக்கள் மாறுகின்றன, மை இடம் மாறுவதில்லை. ஐந்தாம் நாள் குளியலறையில் நீல நிறத் தோல் துகள்கள் உரிந்து விழும்போது "காசு கொடுத்த படம் போகிறதே" என்று மகள் அலறினால் இதைச் சொல்லுங்கள். உரிவது மேல்தோலும் அதில் ஒட்டியிருந்த மிச்ச மையும் மட்டுமே.

கடையில் எதைச் சுற்றி அனுப்பினார்கள் என்று பாருங்கள். சமையலறையில் பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் என்றால் சில மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். மறுபடி சுற்றக் கூடாது. ஜனவரி மாதப் புழுக்கத்தில் அதற்கடியில் வியர்வை தேங்கி ஊறினால் கிருமிகளுக்கு அதைவிட வசதியான இடம் வேறில்லை. இரண்டாவது வகை, தோலோடு ஒட்டும் ஒளிபுகும் படலம். காற்றும் ஈரப்பசையும் அதன் வழியே போய்வரும், தண்ணீர் புகாது. அதைக் குத்தியவர் சொன்ன நாள்வரை, பொதுவாக மூன்று முதல் ஐந்து நாள், அப்படியே விடலாம். முதல் நாள் அதற்கடியில் கறுப்பும் நீலமுமாக ஒரு குழம்பு தேங்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் அது நிணநீரும் எஞ்சிய மையும்தான். ஓரம் பெயர்ந்து ஒழுகத் தொடங்கினாலோ, படலத்தின் விளிம்பைச் சுற்றித் தோல் சிவந்து அரித்தாலோ நாள் எண்ணிக்கொண்டிராமல் எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது கட்டுத்துணியைப் பிடுங்குவதுபோல மேல்நோக்கி இழுக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரை ஊற்றிக்கொண்டே, ஒரு மூலையைப் பிடித்துத் தோலுக்கு இணையாகப் பக்கவாட்டில் நீட்டுங்கள். பசை தானாக விடும்.

கழுவுவது காலை, இரவு என இரண்டு முறை. வெயிலில் வியர்த்து வந்தால் இன்னொரு முறை. முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிறகு வாசனையில்லாத மென்மையான சோப்பை உள்ளங்கையில் நுரைத்து, விரல்களால் மட்டும் தோளில் தடவி, ஓடும் நீரில் அலசிவிட வேண்டும். நார், தேய்ப்புத்துணி எதுவும் கிட்டே வரக் கூடாது. இங்கே நம் வீடுகளுக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது. மாடியில் தொட்டி வைத்திருப்போம். கோடையில் நண்பகலில் குழாயைத் திறந்தால் முதலில் வருவது கொதிநீர்தான். அந்தச் சூடு புதுப்புண்ணுக்கு ஆகாது. சிறிது நேரம் ஓடவிட்டு, கையில் பட்டால் இதமாக இருக்கும்போது கழுவச் சொல்லுங்கள். புயல் கடந்த மறுநாள் குழாயில் கலங்கல் வந்தால் கொதிக்கவைத்து ஆறிய நீரைப் பயன்படுத்துங்கள். துடைக்கக் குளியலறைத் துண்டு வேண்டாம். வீட்டில் நான்கு பேர் துடைத்த ஈரத்துண்டில் எல்லாம் இருக்கும். சமையலறைக் காகிதச் சுருளில் ஒரு தாளைக் கிழித்து ஒற்றி எடுத்தால் போதும்.

ஈரம் உலர்ந்து பத்து நிமிடம் கழித்து, களிம்பு. பெப்பாந்தேன் போன்ற எளிய வாசனையற்ற களிம்பு போதுமானது. பட்டாணி அளவு எடுத்து, உள்ளங்கையகலப் படம் முழுவதற்கும் பரப்புங்கள். தோல் எண்ணெய் வழிந்து மினுங்கினால் அதிகமாகிவிட்டது என்று பொருள். காகிதத்தால் ஒற்றி எடுத்துவிடுங்கள். கனமாகப் பூசினால் புண் ஊறிப்போகும், பொருக்கு தடித்து மையோடு பெயரும். வாசலினை அப்பிவிடுவதும் இதே வேலையைத்தான் செய்யும். பழைய மருந்துப்பெட்டியில் கிடக்கும் கிருமிக்கொல்லிக் களிம்பை "எதற்கும் இருக்கட்டும்" என்று பூசாதீர்கள். அவற்றில் பலவற்றில் உள்ள நியோமைசின் பலருக்கு ஒவ்வாமை தரும்; சிவந்து கொப்பளித்த பிறகு அது தொற்றா ஒவ்வாமையா என்று தெரியாமல் மருத்துவரும் திண்டாடுவார்.

பாட்டியின் மஞ்சளுக்கு வருகிறேன். மஞ்சளைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கில்லை. அதில் உள்ள குர்குமின் பற்றி உலகெங்கும் ஆராய்ச்சி நடக்கிறது. ஆனால் நம் அடுக்களை டப்பாவில் இருப்பது மண்ணில் விளைந்த கிழங்கை அரைத்த தூள். அது கிருமிநீக்கம் செய்யப்பட்டதன்று. குழம்பில் போட்டுக் கொதிக்கவைத்தால் கவலையில்லை. ஆயிரம் துளை உள்ள தோளில் அப்பினால் மண் நுண்ணுயிர்களும் சேர்ந்து உள்ளே போகும். இன்னொரு தொல்லையும் உண்டு. புண் சிவக்கிறதா, சீழ் பிடிக்கிறதா என்று நிறத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மஞ்சள் பூசிய தோளில் எதைப் பார்ப்பது?

"என் பிள்ளைகளுக்கெல்லாம் காது குத்தி மஞ்சளும் எண்ணெயும்தான் வைத்தேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று பாட்டி கேட்பார். நியாயமான கேள்வி. அவர் குத்தியது காதுமடலின் கீழே, சதையில். அங்கே இரத்த ஓட்டம் நிறைய உண்டு. எதை வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறும் இடம் அது. மஞ்சளால் ஆறியது என்பதைவிட மஞ்சளையும் மீறி ஆறியது என்று சொல்லலாம். அதைப் பாட்டியிடம் சொல்ல வேண்டியதில்லை. திருநீற்றை நெற்றியில் இட்டுவிடச் சொல்லுங்கள், அவருக்கும் மனம் நிறையும். புண்ணில் மட்டும் வேண்டாம்.

அப்பாவின் டெட்டால், மருந்துக்கடையில் நுரைத்துக்கொண்டு நிற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு, சாராயம் கலந்த திரவங்கள் ஆகிய மூன்றும் கிருமியைக் கொல்லும். கூடவே புண்ணை மூட வரும் புதிய அணுக்களையும் கொல்லும். எரிந்தால் வேலை செய்கிறது என்று நம் ஆண்களுக்கு ஒரு நம்பிக்கை. அடிபட்ட உடனே ஒரு முறை துடைப்பது வேறு. ஆறிக்கொண்டிருக்கும் புண்ணில் நாள்தோறும் ஊற்றினால் அது ஆறவே ஆறாது.

நான்காம் நாளிலிருந்து அரிப்பு தொடங்கும். இரண்டாம் வாரம் வரை தோல் உரியும். இந்த நாட்களில்தான் நகம் வேலை பார்க்கும், தூக்கத்தில்கூடச் சொறிவார்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடச் சொல்லுங்கள். தாங்க முடியாவிட்டால் சுத்தமான துணியில் சுற்றிய குளிர்ந்த பொட்டலத்தைச் சிறிது நேரம் வைக்கலாம், அல்லது உள்ளங்கையால் மெல்லத் தட்டலாம். உரிந்த பிறகு படம் மங்கலாக, பால் படிந்ததுபோலத் தெரியும்; அது புதுத்தோலின் கலங்கல், சில வாரத்தில் தெளியும். தோள் என்பதால் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பாடியின் பட்டையும் கைப்பையின் வாரும் சரியாக அங்கேதான் அறுக்கும். இரண்டு வாரம் பையை மறுதோளில் மாட்டட்டும், தளர்ந்த பருத்திச் சட்டை போடட்டும். நெரிசலான மெட்ரோவில் யார் தோளோடும் உரசாமல் நிற்கக் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் மேலே ஒரு சுத்தமான துணி.

வெயிலைப் பற்றி நம் தீவில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்றாலும், கோடை நண்பகலில் இங்கே புறஊதாக் குறியீட்டெண் 11ஐத் தாண்டிவிடும்; அந்த அளவுகோலில் அதற்கு மேல் படி இல்லை. புதுப்புண்ணில் வெயில்தடுப்புக் களிம்பு பூசக் கூடாது. துணியால் மூடுவதே வழி. தோல் உரிந்து முடிந்து வழவழப்பான பிறகு, 30க்கு மேல், முடிந்தால் 50 எண் கொண்ட களிம்பை வெளியே போகும்போதெல்லாம் பூச வேண்டும், வாழ்நாள் முழுவதும். மயிற்பீலியின் நீலமும் பச்சையும் வெளுப்பது சோப்பினால் அன்று, வெயிலினால்.

அந்த நீலம், பச்சை குறித்து ஒரு துணைச்செய்தி. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் பச்சை குத்தும் மைகளில் உள்ள பல்லாயிரம் வேதிப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. மிகப் பரவலாகப் புழங்கிய ஒரு நீல நிறமியையும் ஒரு பச்சை நிறமியையும் முன்னெச்சரிக்கையாக 2023 ஜனவரி முதல் தடுத்தது. பிரான்சின் பகுதியாக இருப்பதால் பக்கத்து ரீயூனியனில் இந்த விதி அப்படியே செல்லும். உங்கள் மகள் குத்திய கடையில் மைப் பாட்டிலின் பெயரையும் தொகுதி எண்ணையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்காமல் கொடுப்பார். பின்னாளில் ஏதாவது ஒரு நிறம் மட்டும் தடித்து அரித்தால் (சிவப்புதான் இந்த வேலையை அதிகம் செய்யும்) அந்தத் துண்டுச்சீட்டு தோல் மருத்துவருக்குப் பயன்படும்.

ஞாயிற்றுக்கிழமைக் கடற்கரைக்கு மகள் வரட்டும், பிரியாணி சாப்பிடட்டும், மரநிழலில் உட்காரட்டும். தண்ணீரில் இறங்க வேண்டாம். "கடல் உப்பு புண்ணை ஆற்றும்" என்பது இங்கே எல்லா வீட்டிலும் கேட்கும் சொல். மருந்துக்கடை உப்புநீரில் உப்பு 0.9 விழுக்காடு, நம் இரத்தத்தோடு ஒத்த அளவு. கடல்நீரில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு, அதாவது கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அது புண்ணை ஆற்றாது, உலர்த்தி வெடிக்கவைக்கும். வெதுவெதுப்பான கடலில் வாழும் விப்ரியோ இனக் கிருமிகளும் உண்டு. அமெரிக்காவில் 31 வயது ஆண் ஒருவர் காலில் பச்சை குத்திய ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்தி, அந்தக் கிருமி தொற்றி, தீவிர சிகிச்சையிலும் பிழைக்காமல் இறந்தது 2017இல் மருத்துவ இதழில் வெளியானது. அவருக்கு ஏற்கெனவே குடியால் கெட்ட கல்லீரல். ஆரோக்கியமான இளம்பெண்ணுக்கு அப்படி நேர்வது மிக அரிது. ஆனாலும் மூன்று வாரக் குளியலை விட்டுக்கொடுப்பது பெரிய இழப்பன்று. கடல் அங்கேயே இருக்கும். நீச்சல்குளமும் ஆறும் இதே கணக்கில்தான். வீட்டில் தலையில் ஊற்றிக்கொள்ளும் குளியலுக்குத் தடையில்லை, ஊறிக் கிடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இனி காது. உண்மையில் நான் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். மேல்விளிம்பில் இருப்பது குருத்தெலும்பு. அதற்கென்று சொந்த இரத்தக்குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலிருந்துதான் அதற்கு உணவு போகிறது. அந்த உறைக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே சீழ் சேர்ந்தால் குருத்தெலும்பு பட்டினி கிடந்து செத்துவிடும். செத்தது மறுபடி வளராது. காது சுருங்கி உருக்குலைந்து நின்றுவிடும். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு சிறு கடையில் காதுமேல் துளை போட்டுக்கொண்ட பலருக்கு ஒரே வகைச் சீழ்த்தொற்று வந்தது. தேடிப்போனபோது, கிருமிநாசினி வைத்திருந்த தெளிப்பான் பாட்டிலுக்குள்ளேயே சூடோமோனாஸ் கிருமி குடியிருந்தது. துளைத்தது துப்பாக்கிபோன்ற கருவியால்.

அதனால் மகளிடம் முதலில் கேட்க வேண்டியது, துளைத்தது ஊசியாலா, அந்தத் துப்பாக்கியாலா என்பது. உள்ளீடற்ற கூரிய ஊசி தோலைச் சுத்தமாக வெட்டிக்கொண்டு போகும். ஒருவருக்குப் போட்டதும் எறிந்துவிடுவார்கள். துப்பாக்கி மழுங்கிய தோட்டை விசையால் அழுத்தித் திணிக்கும், குருத்தெலும்பு நசுங்கும். பெரும்பாலான துப்பாக்கிகளின் பிளாஸ்டிக் உடலை நீராவிக் கொதிகலனில் போட்டுக் கிருமிநீக்கம் செய்யவும் முடியாது. துப்பாக்கி என்றால் பதறாதீர்கள், ஆனால் முதல் இரண்டு மூன்று வாரம் கண்ணைக் காதிலேயே வைத்திருங்கள்.

சுத்தம் செய்ய நம் மருந்துக்கடையில் 'சேரோம் ஃபிசியோலோஜிக்' என்று கேளுங்கள். முதலில் சொன்ன மருந்துக்கடை உப்புநீர் இதுதான். குழந்தைகளின் மூக்கில் விடுவதற்கு வாங்குவோமே, அதே ஐந்து மில்லிலிட்டர் குப்பிதான். ஒரு குப்பியை ஒடித்து, மெல்லிய காஸ் துணியை நனைத்து, துளையின் முன்னும் பின்னும் இரண்டு மூன்று நிமிடம் வைத்திருங்கள். தோட்டைச் சுற்றி வெண்மஞ்சளாக உறைந்திருப்பது சீழ் அன்று, உலர்ந்த நிணநீர். ஊறியதும் அது தானாகக் கழன்றுவரும். வராததை விட்டுவிடுங்கள், நகத்தால் பெயர்க்காதீர்கள். பஞ்சுக்குச்சி வேண்டாம், இழை மாட்டிக்கொள்ளும். பிறகு காகிதத்தால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட வேண்டும். காலை ஒரு முறை, இரவு ஒரு முறை. வீட்டில் உப்பைக் கரைத்துச் செய்யும் நீர் எப்போதும் செறிவு கூடித்தான் போகும். குப்பி அப்படியொன்றும் விலையில்லை.

தோட்டைத் திருகிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று நமக்கெல்லாம் சிறுவயதில் சொல்லித் தந்தார்கள். இதை முற்றாக மறந்துவிடுங்கள். துளை என்பது இரண்டு வாசலிலிருந்தும் உள்நோக்கித் தோல் வளர்ந்து நடுவில் சந்திக்கும் ஒரு சுரங்கம். வாசல்கள் முதலில் ஆறுவதால் வெளியே பார்க்கும்போது எல்லாம் முடிந்ததுபோலத் தெரியும், உள்ளே இன்னும் பச்சைப்புண். ஒவ்வொரு முறை திருகும்போதும் அந்த இளந்தோல் கிழிகிறது, வெளியில் இருந்த பொருக்கும் உள்ளே இழுபடுகிறது.

நம் பெண்களின் காதுக்கு இன்னொரு எதிரி கூந்தல். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்தால் அது வடிந்து காதுமேல்தான் நிற்கும். சில மாதம் அந்தப் பக்கம் எண்ணெய் வேண்டாம். சீப்பு மாட்டும், ஈரத்துண்டு மாட்டும், பின்னலில் வைத்த மல்லிகைச்சரத்தின் நூல் மாட்டும். ஒரே ஒரு இழுப்பு மூன்று வார ஆறுதலைக் கெடுத்துவிடும். கைபேசியை மறுகாதில் வைக்கட்டும். அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கக் கூடாது. முடியாவிட்டால் விமானப் பயணத்தில் கழுத்துக்கு வைக்கும் வளையத் தலையணையை வாங்கி, காது நடு இடைவெளியில் வரும்படி படுத்தால் ஒன்றும் அழுத்தாது. சாய்ந்து படுத்தே துளை கோணியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நகை விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு தப்பெண்ணம் உண்டு: 22 காரட் தங்கத்தைவிடச் சுத்தமானது எது என்று. உடலுக்கு ஒத்துக்கொள்வதில் தங்கத்திடம் குறையில்லை. ஆனால் 18 காரட்டுக்கு மேல் தங்கம் மிக மென்மையானது. நுண்ணிய கீறல் விழும், அந்தக் கீறல் ஆறாத துளையை அராவும், கிருமிக்கும் இடம் தரும். ஆறும்வரை உடலுக்குள் பொருத்தும் தரமுள்ள டைட்டானியம் நல்லது. 14 அல்லது 18 காரட் தங்கமும், நிக்கல் கலவாததாக இருந்தால், ஆகும். தெருக்கடைத் தோடுகளில் நிக்கல் இருக்கும். தொடர்ந்து அரித்து நீர் வடிந்தால் பெரும்பாலும் அதன் வேலைதான். முதலில் போட்ட தோடு வீக்கத்துக்கு இடம்விட்டு நீளமான தண்டோடு இருக்கும். நான்கிலிருந்து எட்டு வாரத்தில் வீக்கம் வடிந்ததும், துளைத்தவரிடமே போய்க் குட்டையான தண்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். இதை விட்டுவிடுவதால்தான் தண்டு ஆடி ஆடித் துளைக்குப் பக்கத்தில் குமிழ்போல ஒரு சதை எழும்புகிறது. அந்தக் குமிழைக் கண்டதும் எல்லோரும் கெலாய்டு என்று பயப்படுகிறார்கள். கெலாய்டு துளையின் எல்லையைத் தாண்டி மாதக்கணக்கில் வளரும் கெட்டியான தழும்பு. நம் போன்ற கருந்தோலினருக்கு அது வரும் வாய்ப்பு கூடுதல் என்பது உண்மை. குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் இதற்கு மேல் துளையே வேண்டாம். சாதாரண உராய்வுக் குமிழோ, தண்டைக் குட்டையாக்கி, தொடுவதை நிறுத்தினால் தானே அடங்கும்.

மற்ற இடங்களைக் கேட்கவில்லை, இருந்தாலும் தங்கைகள் வரிசையில் நிற்பார்கள் என்பதால்: மூக்குத்திக்கு இரண்டு முதல் நான்கு மாதம், தொப்புளுக்கு ஆறு மாதத்துக்கு மேல், நாக்குக்கு நான்கு முதல் ஆறு வாரம்.

தைப்பூசத்துக்கு வருவோம். ஒரு மாதம் இருக்கிறது என்றால் அதற்குள் தோள் மூடிவிடும், காது மூடியிருக்காது. பால்குடம் எடுப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. மற்றவர்களோடு ஆற்றில் முங்குவது மட்டும் வேண்டாம். ஜனவரி, பிப்ரவரி என்றால் மழைக்காலம். கரும்புத் தோட்டத்து வெள்ளமெல்லாம் ஆற்றில்தான் கலக்கும். எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் ரீயூனியனில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் தலைகாட்டும் நோய். அது திறந்த புண் வழியாகவும் கண், மூக்கு, வாய் வழியாகவும் நுழையும். வீட்டிலேயே குளித்துவிட்டுப் போகட்டும், கழுத்துக்குக் கீழே ஆற்றுநீரைத் தெளித்துக்கொள்ளட்டும். மஞ்சள்நீர் தெளிக்கும்போது காதைக் கையால் மறைத்துக்கொள்ளட்டும். வெயிலில் நடந்து கோவிலுக்கு வந்து சேர்ந்ததும் ஒரு குப்பி சேரோம். கைப்பையில் இரண்டு போட்டு அனுப்புங்கள்.

மகனின் அலகு வேறு வகைப் புண். அன்றே குத்தி அன்றே எடுப்பதால் அங்கே தோல் சுரங்கம் உருவாவதில்லை. கன்னமும் நாக்கும் இரத்தம் நிறைந்த இடங்களாதலால் சில நாளில் ஒட்டிக்கொள்ளும். அவனுக்கு நான் வற்புறுத்துவது, அவனுக்கென்று தனியாகக் கிருமிநீக்கம் செய்த ஊசிகள். குத்துபவர் எவ்வளவு பக்திமானாக இருந்தாலும், ஒருவர் கன்னத்தில் போனது இன்னொருவர் கன்னத்தில் போகக் கூடாது. கல்லீரல் அழற்சி பி, சி இரண்டும் அந்த வழியில் வரும். ஏற்புத்தடுப்பு (டெட்டனஸ்) ஊசி போட்டுப் பத்தாண்டு கடந்திருந்தால் இந்த வாரமே போட்டுக்கொள்ளட்டும். அலகை எடுத்த பிறகு வாயைச் சுத்தமான நீரில் கொப்பளித்து, இரண்டு நாள் காரமில்லாமல் சாப்பிட்டால் போதும். நம் நாடு உலகிலேயே நீரிழிவு மிகுந்த நாடுகளில் ஒன்று. விரதத்துக்கு முன்பே இரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், மகளையும் சேர்த்து. சர்க்கரை கூடியிருந்தால் மேலே சொன்ன நாள் கணக்கு எதுவும் செல்லாது.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தோளில் முதல் இரண்டு மூன்று நாள் சிவப்பும் சூடும் வலியும் இயல்பு. அவை நாளுக்கு நாள் குறைய வேண்டும். மூன்றாம் நாளுக்குப் பிறகு கூடினால், படத்தின் எல்லையைத் தாண்டிச் சிவப்பு பரவினால், கெட்ட நாற்றத்தோடு பச்சை நிறச் சீழ் வந்தால், காய்ச்சலோ குளிர் நடுக்கமோ இருந்தால், தோளிலிருந்து அக்குள் நோக்கிச் சிவப்புக் கோடு ஓடினால் அன்றைக்கே போக வேண்டும். வாரங்கள் கழித்து, நன்றாக ஆறிய படத்தில் சாம்பல் நிழலிட்ட பகுதியில் மட்டும் சிறு சிறு பருக்கள் எழுந்து போகாமல் நின்றால் அதையும் காட்டுங்கள். 2011, 2012ஆம் ஆண்டுகளில் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் முன்பே நீர்த்து விற்ற சாம்பல் மையிலிருந்து ஒரு வகை மைக்கோபாக்டீரியா பலருக்குப் பரவியது. சாதாரண மருந்துக்கு அது கேட்காது.

காதில், மேற்பகுதி முழுவதும் சிவந்து சூடாகி வீங்கி, கீழே தொங்கும் சதைமடல் மட்டும் வழக்கம்போல இருந்தால் அது குருத்தெலும்புத் தொற்றின் அடையாளம். காலைவரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். உங்களுக்குப் பக்கத்தில் கண்டோஸ் விக்டோரியா மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவம் இலவசம். போகும் வழியில் பயந்துபோய்த் தோட்டைக் கழற்றிவிடாதீர்கள். துளை வாய் மூடிக்கொண்டால் சீழ் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கிவிடும். கழற்றுவதா வேண்டாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். துளைத்த தேதி, ஊசியா துப்பாக்கியா, இதுவரை என்னென்ன பூசினீர்கள் என்பதை உள்ளது உள்ளபடி அவரிடம் சொல்லுங்கள், பாட்டி ஒரு நாள் தெரியாமல் வைத்த மஞ்சள் உட்பட.